‘வேண்டாம்’ என்ற பதிலுக்குப் பிறகு

சுயநலமான ஆசைக்கும் தன்னலமில்லாத அன்புக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி எங்கள் திருமண ஆயத்த வகுப்பில் எப்படியும் வந்துவிடும். கேட்கிறவர் பெரும்பாலும் மாப்பிள்ளையாகத்தான் இருப்பார். ஆசை உடம்பைச் சேர்ந்தது, அன்பு மனசைச் சேர்ந்தது என்ற பதிலையும் அவரே வைத்திருப்பார். பிரசங்கங்களில் அப்படித்தானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நான் அப்படிப் பிரிப்பதில்லை. ஆணும் பெண்ணும் கொள்கிற காதலைப் பாடுகிற உன்னதப்பாட்டு வேதாகமத்தில் இருக்கிறது. புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் விரும்புவதைக் கண்டு கடவுள் முகம் சுளிக்கவில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

நான் பார்ப்பது வேறு ஒன்றை. எதிரே இருக்கிறவர் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் இவருக்குள் என்ன நடக்கும்? அதுவரைக்கும் ஆசையும் அன்பும் ஒரே மாதிரிதான் பேசும், ஒரே மாதிரிதான் பரிசு வாங்கிக் கொடுக்கும், தூக்கமில்லாமல் புரளும், கண்ணீர் விட்டு ஜெபிக்கும். அந்த ஒரு பதிலைக் கேட்ட பிறகுதான் எது எது என்று தெரியும்.

நானும் என் கணவரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில், பல வருடங்களாக இந்த வகுப்பை நடத்துகிறோம். ஓலை வாசிப்பதற்கு, அதாவது கல்யாண அறிவிப்பை ஆலயத்தில் வாசிப்பதற்கு, முன்னால் கல்யாணம் முடிவானவர்களை ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) எங்களிடம் அனுப்பிவிடுவார். நான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வேறு வேறு காரியங்களுக்காகவும் வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாடகர் குழுவில் நன்றாகப் பாடுகிற பையன். தப்பான பழக்கம் எதுவும் கிடையாது. ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே, “டீச்சர், அவ மனசு மாறணும்னு நீங்க உபவாசம் இருந்து ஜெபிக்கணும்” என்றான். அந்தப் பெண்ணும் எங்கள் சபைதான். அவள் ஏற்கெனவே முகத்துக்கு நேராகவே மறுத்திருக்கிறாள். அதை அவனே சொன்னான். “ஆனா விசுவாசத்தோட கேட்டா கிடைக்கும்னு வசனம் இருக்குல்லா டீச்சர்?”

நான் அவளைப் பற்றிக் கேட்டேன். எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள், எந்தக் கடையில் ரீசார்ஜ் செய்கிறாள், என்ன நிறக் குடை வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். மேலே என்ன படிக்க நினைக்கிறாள்? தெரியவில்லை. வீட்டில் என்ன கஷ்டம்? தெரியவில்லை. எதற்குப் பயப்படுவாள்? அதுவும் தெரியவில்லை. அப்புறம் அவனாகவே ஒன்றைச் சொன்னான், அதுவும் கொஞ்சம் பெருமையாக. அவள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டாளாம். இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் பிந்தி வேறு பஸ்ஸில் வருகிறாளாம். அதையும் இவன் கண்டுபிடித்துவிட்டானாம். “கர்த்தர் காட்டிக் கொடுத்தார் டீச்சர்.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “தம்பி, அவ எதுக்குப் பயப்படுவான்னு கேட்டேன்ல, அதுக்குப் பதிலை நீயே சொல்லிட்ட. உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு தினமும் ஒரு மணி நேரம் இருட்டுல பஸ் ஸ்டாண்டுல நிக்கா அந்தப் பிள்ளை” என்றேன். அவன் காபியைக் கீழே வைத்தான். ரொம்ப நேரம் பேசவில்லை.

அந்தச் சாயங்காலம் நாங்கள் இருவருமாக வேதாகமத்தில் 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். தாவீது ராஜாவின் மகன் அம்னோன், தன் தகப்பனின் மகளாகிய தாமார்மேல் ஆசைப்பட்டு வியாதிப்படும் அளவுக்கு ஏங்குகிறான். இன்றைக்கு ஒருவன் அப்படி இளைத்துப் போனால், எவ்வளவு ஆழமான காதல் என்போம். நோயாளிபோலப் படுத்துக்கொண்டு, தாமார் வந்து தன் கண் முன்னால் பணியாரம் பண்ணித் தர வேண்டும் என்று கேட்டு வரவழைக்கிறான். அவளும் மாவைப் பிசைந்து, சுட்டு, தட்டில் வைக்கிறாள். அவன் சாப்பிடவில்லை. அவளைப் பிடிக்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள், காரணம் சொல்கிறாள், கெஞ்சுகிறாள், ராஜாவோடே பேசு என்று அவனுக்கு ஒரு வழிகூடக் காட்டுகிறாள். அவன் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும், முன்னே இருந்த விருப்பத்தைவிடப் பெரிய வெறுப்பு அவனுக்கு வருகிறது. வேலைக்காரனைக் கூப்பிட்டு, அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான்.

இந்த அதிகாரத்தை நம் சபைகளில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். ஞாயிறு பள்ளியில் சொல்லித்தர முடியாதுதான், சரி. ஆனால் வாலிபர் கூட்டத்தில் இதைவிட அவசியமான பகுதி எனக்குத் தெரியவில்லை. அவளை நினைத்தே வியாதிப்பட்டவன் அவளுடைய ஒரு வார்த்தையையும் காதில் வாங்கவில்லை. அவன் ஏங்கியது தன்னுடைய ஏக்கம் தீர வேண்டும் என்பதற்காக. தாமார் என்ற பெண்ணை அவன் பார்க்கவே இல்லை.

ஒரே பிள்ளையை என்னுடையது என்று சொல்லி சாலொமோன் ராஜா முன்னால் வந்த இரண்டு தாய்மார் கதையும், பிள்ளையை வாளால் இரண்டாகப் பிளக்க அவர் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். அதை நாம் ராஜாவின் ஞானத்துக்காகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெண்களின் வாயைக் கவனியுங்கள். ஒருத்தி, பிள்ளை உயிரோடிருந்தால் போதும், அவளுக்கே கொடுத்துவிடும் என்கிறாள். மற்றவள், “அது எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்” என்கிறாள். பெண் மறுத்துவிட்டாள் என்பதற்காக முகத்தில் ஆசிட் ஊற்றியவனும், ரயில் நிலையத்தில் வெட்டியவனும் பேசியது இதே பேச்சுத்தான். தனக்குக் கிடைக்காதது யாருக்குமே கிடைக்கக் கூடாது என்பது காதலின் உச்சம் அல்ல. வாளைக் கொண்டுவரச் சொன்னபோது அந்த இரண்டாவது பெண் பேசிய பேச்சு அது. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆசிட் வீச்சுக்கு 326ஏ என்றும், பெண்ணைப் பின்தொடர்வதற்கு 354டி என்றும் தனிப் பிரிவுகளையே சேர்க்க வேண்டி வந்தது. இப்போது அதன் இடத்தில் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் பின்தொடர்தல் 78-ஆம் பிரிவில் வருகிறது. மறுத்த பிறகும் பின்னாலேயே போனால் ஒருநாள் கனிந்துவிடுவாள் என்று நம் சினிமா சொல்லித் தந்திருக்கிறது. சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இதை நாங்கள் வாலிபர்களிடம் பிரிவு எண்ணோடு சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 மட்டும் தெரிந்தால் போதாது.

அந்தப் பையனிடம் நான் கேட்டுக்கொண்டது கொஞ்சம்தான். இனிமேல் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதே. அவள் படத்தையெல்லாம் போனிலிருந்து எடுத்துவிடு. தோழிகள் மூலம் தூது விடாதே. ஜெபிக்கணும் என்று தோன்றினால், அவள் வேலைக்காகவும் பத்திரத்துக்காகவும் ஜெபி. அந்த ஜெபத்தில் உன் பெயர் வரக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. “அப்படி ஜெபிக்க வரலை டீச்சர், ரெண்டு வரியில முடிஞ்சிருது” என்று அடுத்த வாரம் வந்து சொன்னான். ரெண்டு வரி போதும் என்றேன். அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் அவள் பழைய பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள் என்று அவளுடைய அம்மா சங்கக் கூட்டத்தில் வேறு ஏதோ பேச்சில் சொன்னார். அவளுக்காக அவன் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். அது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒருதலையாக நேசித்துத் தவிக்கிற பிள்ளைகளிடம் ‘மறந்துவிடு’ என்று நான் சொல்வதில்லை. சொன்னவுடன் மறக்கிற காரியமா அது? அவர்களுக்கு மாற்கு 10-ஐ வாசிக்கக் கொடுப்பேன். மிகுந்த ஆஸ்தியுள்ள ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிட்டு, நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். பிறகு, இருக்கிறதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு வா என்று கூப்பிடுகிறார். அவன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு பின்னால் ஓடவில்லை. சரி, பாதியை மட்டும் கொடு என்று பேரம் பேசவில்லை. உன்னை நேசித்தேனே என்று சாபம் போடவும் இல்லை. அவனைப் போகவிட்டார். நேசிக்கிறவரிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு முழுசாக நடந்து போக முடிகிறது என்பதை அந்த இடத்தில் பார்க்கிறேன்.

சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே தன் விருப்பத்தைச் சொல்கிறார். இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று மறைக்காமல் கேட்கிறார். ஆசையே இல்லாத மாதிரி நடிக்கவில்லை. கேட்டுவிட்டு, என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே என்று விட்டுவிடுகிறார். இது ரொம்பப் பேருக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆசைப்பட்டதே பாவம் என்று நொந்துகொண்டிருக்கிறவர்களுக்கு, கேட்கலாம், அழலாம், ஆனால் பதிலை அடுத்தவரிடமும் ஆண்டவரிடமும் விட்டுவிட வேண்டும் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

இதெல்லாம் வாலிபர் விவகாரம் என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். பெற்றோரிடம் நான் பார்க்கிற ஆசை இதைவிட நுட்பமானது. ஏனென்றால் அதற்குத் தியாகம் என்று பெயர் இருக்கிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த அம்மா, மகன் வேறு வேலையைத் தேர்ந்தெடுத்ததும் அத்தனை வருடத்துக் கணக்கையும் வரிசையாகச் சொல்கிறார். மருமகள் வந்த பிறகு மகனின் சம்பளம், சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இன்னும் தன்னிடமே இருக்க வேண்டும் என்கிறார். இப்படிப்பட்ட ஒரு அம்மா என்னிடம், “நான் அவனுக்காக உயிரையே கொடுப்பேன் டீச்சர்” என்று அழுதார். கொடுப்பார்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மகன் மனைவியைக் கூட்டிக்கொண்டு தனியாக ஒரு நாள் குற்றாலம் போய்வர அவரால் மனசு கொடுக்க முடியவில்லை.

அவரிடம் சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய் அன்னாளைப் பற்றிப் பேசினேன். பிள்ளை வேண்டும் என்று அழுது, சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாள், சீலோவில் ஆலயத்திலிருந்த ஆசாரியனுக்கே குடிவெறியில் இருப்பவள்போலத் தெரிந்தாள். அவ்வளவு ஆசை. பிள்ளை பிறந்து, பால் மறந்ததும், சொன்ன வாக்கின்படி சீலோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். அப்புறம் வருஷந்தோறும் பலி செலுத்தப் போகும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போகிறாள். தையல் தெரிந்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். அளவெடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. ஒரு வருஷத்தில் தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனசிலேயே அளந்து தைக்க வேண்டும். அவன் வளர்வான் என்பதை ஒப்புக்கொண்டுதான் துணியை வெட்ட முடியும். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசியில் பிள்ளைகள் குற்றாலம் போய்வந்தார்கள். மறுவருஷமும் சண்டை வந்தது. இதெல்லாம் ஒரே நாளில் தீருகிற வியாதி இல்லை.

புருஷன்மார் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எபேசியர் 5-ல் மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் வகுப்புக்கு வருகிற எல்லா ஆண்களுக்கும் மனப்பாடம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூருங்கள் என்று வருவதை வாசிக்கச் சொன்னால் குரல் இறங்கிவிடும். என் கணவர் அவர்களிடம் ஒரு பயிற்சி கொடுப்பார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ஒன்றை மறுக்கிற முதல் தடவை, அது பணமாக இருக்கலாம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாக இருக்கலாம், படுக்கையாகவும் இருக்கலாம், அன்றைக்கு உன் முகம் எப்படி இருக்கும் என்று இப்போதே யோசித்து வை என்பார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நாள் கணக்கில் பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனைதான். கை ஓங்கினால்தான் கொடுமை என்று இல்லை. அதே கேள்வியை நான் பெண்களிடமும் கேட்கிறேன்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் போக முடியாது. தன்னலமில்லாத அன்பு என்று பேச ஆரம்பித்தாலே, அடி வாங்குகிற பெண்களிடம் “சிலுவையைச் சுமக்கணும்மா, பொறுத்துப் போ” என்று சொல்வதற்கு அது வசதியாகிவிடுகிறது. இது எனக்குக் கோபம் வருகிற இடம். உன்னைப்போலப் பிறனையும் நேசி என்றுதான் கட்டளை. அதில் ‘உன்னை’ என்பதும் இருக்கிறது. அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது என்று 1 கொரிந்தியர் 13-லேயே எழுதியிருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிறவனுக்கு அடிக்க வசதி செய்துகொடுப்பது அவன்மேல் காட்டுகிற அன்பு அல்ல. அவன் ஆத்துமாவுக்கும் அது கேடு. அப்படி யாராவது வந்தால், முதலில் அவர்கள் பத்திரமாகத் தங்க ஒரு வீடு பார்க்கிறோம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுக்கிறோம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம் என்று விளக்குகிறோம். ஜெபம் அதோடு சேர்ந்தே நடக்கும்.

மன்னிப்பும் நியாயமும் ஒன்றாக நிற்க முடியுமா என்று கேட்கிறவர்களிடம் கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பற்றிச் சொல்வேன். ஒடிசாவில் பாரிபதாவில் குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்துவந்த அவருடைய கணவர், ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், தீமோத்தி என்ற அவருடைய இரண்டு சின்ன மகன்களையும், மனோகர்பூரில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது 1999 ஜனவரியில் உயிரோடு எரித்தார்கள். நான் செய்தித்தாளில் படித்து, வகுப்பில் பாடம் நடத்த முடியாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கிளாடிஸ் அவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு அங்கேயே தங்கி, அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். 2004-ல்தான் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. 2003-ல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பழிவாங்கும் ஆசை அவரைப் பிடிக்கவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்ய அவர் தடையாகவும் இல்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும்.

அன்பா, ஆசையா என்று தங்களையே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எங்கள் வகுப்பில் பலருக்கு உதவிய ஒரு வழக்கம் இருக்கிறது. வாரத்தில் ஒரு தடவையாவது, நேசிக்கிறவருக்கு அவர் கேட்ட ஒன்றைச் செய்யுங்கள். நீங்கள் கொடுக்க ஆசைப்பட்டதை அல்ல. செய்துவிட்டு, செய்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள். ஒரு மாப்பிள்ளைப் பையன், கல்யாணப் பெண்ணுக்கு விலைகூடிய போன் வாங்க ஈ.எம்.ஐ. போட இருந்தான். அவளிடம் கேட்டுப் பார் என்றோம். அவள், கல்யாணத்துக்குப் பிறகும் மாதம் ஒரு தடவை அப்பாவை டயாலிசிஸுக்கு நானே கூட்டிட்டுப் போக விடுவீங்களா என்று கேட்டிருக்கிறாள். போன் வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதற்கு அவன் தன் வீட்டில் பேச வேண்டியிருந்தது. பேசினான்.

சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் விவாக ஆராதனையில் குருவானவர் இருவரிடமும் சம்மதம் கேட்கிறார். ஆனால் அப்போது பந்தல் போட்டாயிற்று, பிரியாணி அடுப்பில் இருக்கிறது, சொந்தபந்தம் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் எந்தப் பெண்ணால் ‘இல்லை’ என்று சொல்ல முடியும்? முடியாது என்று தெரிந்தே கேட்டால் அது கேள்வி ஆகுமா? அதனால் எங்கள் சேகரத்தில் ஓலை வாசிப்பதற்கு முன்பே பெண்ணையும் பையனையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கிறோம். பெண்ணை நான் பார்க்கிறேன், அப்பா அம்மா கூட இருக்க மாட்டார்கள். பையனை என் கணவர் பார்க்கிறார். ‘விருப்பமா’ என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். அதனால் இப்படிக் கேட்போம்: இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னால் உன் வீட்டில் என்ன நடக்கும்? ஒருத்தி அதற்குப் பதில் சொல்லாமல் அழுதாள். அவளுடைய வீட்டாரிடம் ஐயரும் நாங்களும் பேசி, ஓலை வாசிப்பதை நிறுத்தினோம். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை. அவள் அப்பா இன்றைக்கும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உங்கள் சபையிலும் ஓலைக்கு முன்னால் தனியாக ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பெண்ணிடம் ஒரு பெண் பேசட்டும், அவள் சொல்வது வெளியே போகாது என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.